பொதியும் எந்திரமும் ரோபோவும்

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவையொட்டி அம்பத்தூரில் நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில், கழகத்தின் மாலைநேரக் கணிப்பொறி வகுப்பை நடத்திவரும் குழுவினர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



வெள்ளி விழா மேடையில் கழகம் கடந்துவந்த பாதையை நினைவுகூர்வதே மரபு. அதனைக் கூறத் தகுதியுடைய பெரியோர் எங்களுக்கு முன்னரே கூறிவிட்டனர். எங்களிடம் ஒப்படைக்கப்பட்ட பணி வேறு. “அலுவலகங்களில் மனிதருக்குப் பதிலாக ரோபோ வேலை செய்கிறதாமே, அது என்ன? அதனால் எங்கள் பிள்ளைகளின் வேலை போய்விடுமா? அதனை நம் பிள்ளைகள் கற்க இயலுமா?” என்று பெற்றோர் பலர் எங்களைக் கேட்டு வருகின்றனர். இம்மூன்று வினாக்களுக்கும் எங்கள் அனுபவத்திற்கு எட்டிய வரையில் விடை கூறுவதே இவ்வுரையின் நோக்கமாகும். எங்களில் சிலர் தொழிற்பேட்டையை அடுத்த அலுவலகங்களில் இந்த ரோபோக்களைக் கண்காணிக்கும் பணியில் இருப்பவர்கள். ஆகவே ஏட்டில் படித்ததோடு கையால் செய்து பட்டறிந்ததையும் சேர்த்தே கூறுகிறோம்.

அன்பர்களே, நாம் வாழும் இந்தப் பகுதிக்கு எந்திரம் புதியதன்று. 1949இல் தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ், 1961இல் ஆவடியில் நிறுவப்பெற்று 1965இல் முதல் விஜயந்தா டாங்கியை வெளிக்கொணர்ந்த கனரக ஊர்தித் தொழிற்சாலை, 1960களில் அரசு உருவாக்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை, பாடியில் எழுந்த பெரிய ஆலைகள் ஆகியவை இப்பகுதியின் முகத்தையே மாற்றின. ஏரிப் பாசன வயல்களில் கூலிக்கு உழைத்த குடும்பங்களின் பிள்ளைகள் டர்னராக, ஃபிட்டராக, பிரஸ் ஷாப் தொழிலாளியாக, பலவேளைகளில் ஒப்பந்தக் கூலியாக அவ்வாயில்களுக்குள் நுழைந்தனர். நம் கழகத்தின் மூத்த உறுப்பினர்களில் பலர் அவ்வாறு நுழைந்தவர்களே.

லேத் பட்டறையில் பணியாற்றிய பெரியவர்கள் ‘ஜாப் கார்டு’ என்னும் அட்டையை மறந்திருக்கமாட்டார்கள். எந்தப் பொருளைச் செய்ய வேண்டும், அதற்குரிய டிராயிங் எது, அந்த டிராயிங்கின் எத்தனையாவது திருத்தம், எந்த எண்ணுள்ள எந்திரத்தில் ஏற்ற வேண்டும், எந்த டோக்கன் எண்ணுள்ள ஆள் செய்கிறார் என்பன அவ்வட்டையில் எழுதப்பட்டிருக்கும். டிராயிங் பழைய திருத்தமாக இருந்துவிட்டால் நாள் முழுவதும் கடைந்த பொருள் அனைத்தும் ரிஜெக்டாகிவிடும். எந்திரம் தவறினால் அளவு தவறும். ஆள் யார் என்று எழுதாமல் விட்டால் குற்றம் எவர் தலையிலும் விழும். பெரும்பாலும் குரல் எழுப்ப இயலாதவன் தலையில்தான் விழும். இந்த ஜாப் கார்டை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். நாங்கள் விளக்கப்போகும் புதிய தொழிலின் சாரம் முழுவதும் அந்த அட்டைக்குள் அடங்கியிருக்கிறது.

முதலில் இந்த ரோபோ எத்தகையது என்பதைக் கூறிவிடுகிறோம். இரும்புக் கைகால்களோடு நடந்துவரும் உருவத்தை எண்ணிக்கொள்ளாதீர்கள். அலுவலகத்து ஊழியர் ஒருவர் காலையில் வந்தமர்ந்து மின்னஞ்சலைத் திறக்கிறார். அதில் வந்த பட்டியலை இறக்கிக்கொள்கிறார். பட்டியலிலுள்ள எண்ணை மற்றொரு திரையில் தட்டித் தேடுகிறார். கிடைத்த தொகையை மூன்றாவது திரையில் பதிக்கிறார். சென்னையில் அமெரிக்க மருத்துவமனைகளின் காப்பீட்டுக் கணக்குகளை முடித்துத் தரும் அலுவலகங்கள் பல உள்ளன. அங்கே இவ்வேலைதான் இரவும் பகலும் நடைபெறுகிறது. இதே படிகளை, இதே திரைகளில், இதே பொத்தான்களை அழுத்திச் செய்யும் மென்பொருளே இங்கு ரோபோ எனப்படுகிறது. கணிப்பொறிக்குள்ளேயே இயங்கும் கண்ணுக்குத் தெரியாத எழுத்தர் அது. இம்முறைக்கு ரோபோட்டிக் பிராசஸ் ஆட்டோமேஷன் என்று பெயர்.

இதற்கான மென்பொருள்களைச் செய்து விற்கும் நிறுவனங்கள் பல. இங்கிலாந்தில் 2001இல் தோன்றிய புளூ பிரிசம், அமெரிக்காவில் 2003இல் தோன்றியதும் பின்னர் ஆட்டோமேஷன் எனிவேர் எனப் பெயர் பெற்றதுமான நிறுவனம், ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2005இல் டெஸ்க்ஓவர் என்னும் சிறு நிறுவனமாகத் தொடங்கி 2015இல் யூஐபாத் எனப் பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனம் ஆகியவை குறிப்பிடத்தக்கவை. டெஸ்க்ஓவர் என்ற அந்தச் சிறு நிறுவனமே 2021 ஏப்ரலில் யூஐபாத் என்ற பெயரில் நியூயார்க் பங்குச் சந்தையில் பதிவு பெற்றது. எங்கள் வகுப்பில் நாங்கள் கற்பிப்பது யூஐபாத் முறையை ஆதலின், அதன் சொற்களைக் கொண்டே விளக்குகிறோம். பிற மென்பொருள்களில் பெயர்கள் மாறினும் முறை ஏறக்குறைய ஒன்றேயாம்.

ஒரே ஒரு ரோபோ இருந்தால் அதனை ஒருவர் அருகிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். ஐம்பது ரோபோக்கள், இருபது கணிப்பொறிகள், நூறு வகை வேலைகள் என்று பெருகும்போது அவற்றை ஆட்டிவைக்க ஒரு நடுவம் தேவைப்படுகிறது. அதற்கு ஆர்க்கெஸ்ட்ரேட்டர் என்று பெயர். பட்டறையின் ஷிப்ட் சூப்பர்வைசர் அறை என்று அதனைக் கொள்ளலாம். அங்கே அமர்ந்திருப்பவர் மூன்று பொருள்களை நிருவகிக்க வேண்டும். அவை பொதி, எந்திரம், ரோபோ என்பன.

முதலாவது பொதி. இதனை அலுவலகங்களில் பேக்கேஜ் என்பர். ஸ்டுடியோ என்னும் மென்பொருளில் ஒரு வேலையின் படிகளை வரிசையாக அமைத்து முடித்ததும், அவை யாவும் ஒரே கோப்பாகக் கட்டப்பட்டு ஆர்க்கெஸ்ட்ரேட்டருக்கு அனுப்பப்படும். ஒவ்வொரு பொதிக்கும் பெயர் உண்டு, 1.0.4, 1.0.5 என்றவாறு பதிப்பு எண்ணும் உண்டு. ஏற்றிவிட்ட பதிப்பை அதே எண்ணில் மாற்றி மறுபடி ஏற்ற இயலாது. திருத்தம் ஓரெழுத்தே ஆயினும் புதிய எண்ணோடுதான் வர வேண்டும். பட்டறையில் டிராயிங்கின் திருத்த எண் எதுவோ, இங்கே பதிப்பு எண் அதுவே.

இங்கே புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. புதிய பொதியை ஏற்றிய அளவிலேயே அது நடைமுறைக்கு வந்துவிட்டது என்று எண்ணிவிடுகின்றனர். அவ்வாறில்லை. எந்தப் பொதியின் எந்தப் பதிப்பு இயங்க வேண்டும் என்று குறித்து வைப்பது தனி வேலை. அவ்வாறு குறிக்கப்பட்டதற்குப் பிராசஸ் என்று பெயர். தானாகவே புதியதற்கு மாறும்படி முன்கூட்டியே அமைத்திருந்தாலன்றி, பிராசஸ் பழைய பதிப்பையே பிடித்துக்கொண்டிருக்கும். புதிய டிராயிங் சூப்பர்வைசரின் மேசைக்கு வந்துவிட்டது. லேத்தின் மேல் ஒட்டியிருப்பது இன்னும் பழைய டிராயிங்தான் என்பது போன்ற நிலை இது. இந்த ஏற்பாட்டில் நன்மையும் உண்டு. புதிய பதிப்பில் பிழை தெரிந்தால் உடனே பிராசஸை முந்தைய பதிப்புக்குத் திருப்பிவிடலாம். இயங்கிக்கொண்டிருக்கும் பிராசஸ் ஒன்று பிடித்திருக்கும் பதிப்பை எவரும் நீக்கிவிட முடியாது.

இரண்டாவது எந்திரம். ரோபோ எந்தக் கணிப்பொறியில் அமர்ந்து வேலை செய்கிறதோ அதுவே எந்திரம். அதனை ஆர்க்கெஸ்ட்ரேட்டரில் பதிந்து, அடையாள எண்ணும் இரகசியச் சாவியும் பெற்று, அக்கணிப்பொறியிலிருந்து இணைக்க வேண்டும். இணைந்த பின் 30 விநாடிக்கு ஒருமுறை “உயிரோடிருக்கிறேன்” என்று ஒரு சிறு செய்தி அங்கிருந்து நடுவத்திற்கு வந்துகொண்டே இருக்கும். அது நின்றால் மின்சாரமோ, வலையமைப்போ, கணிப்பொறியோ செயலிழந்தது என்று உணர வேண்டும்.

எந்திரங்கள் எல்லாம் ஒன்றுபோல் இருக்கின்றன என்று நம்பிவிடலாகாது. ஒன்றில் திரை அகலமாக இருக்கும். மற்றொன்றில் சிறியதாக இருக்கும். ஒன்றில் எக்செல் புதியது; மற்றொன்றில் பழையது. எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது தேதி. நம் வழக்கில் நாள் முன்னும் மாதம் பின்னும் வரும். அமெரிக்க வழக்கில் மாதம் முன்னும் நாள் பின்னும் வரும். 5/6 என்று எழுதியிருந்தால் ஒரு கணிப்பொறி அதனை ஜூன் 5 என்றும், மற்றொரு கணிப்பொறி மே 6 என்றும் படிக்கும். ரோபோ தயங்காது, ஐயப்படாது, கேட்காது; தவறான தேதியை நூற்றுக்கணக்கான கணக்குகளில் அழகாகப் பதித்துவிட்டு, வேலை வெற்றி என்று அறிவித்துவிடும். எனவே ஒரு பொதியை ஒரு கணிப்பொறியில் சோதித்துவிட்டு இருபது கணிப்பொறிகளில் இறக்குபவர், அந்த இருபதும் ஒரே அமைப்பில் உள்ளனவா என்று முதலில் பார்க்கக் கடமைப்பட்டவர்.

மூன்றாவது ரோபோ. பொதி என்பது வேலை, எந்திரம் என்பது இடம் என்றால், ரோபோ என்பது ஆள். அடையாளமும் அதிகாரமும் சேர்ந்ததே ஆள். மனிதர் அருகிலிருந்து அழைக்கும்போது உதவும் ரோபோ ஒருவகை. மனிதர் எவரும் இல்லாத நள்ளிரவிலும் குறித்த நேரத்திற்குத் தானே தொடங்கி முடிக்கும் ரோபோ மற்றொரு வகை. இரண்டாம் வகைக்கு ஊழியர் ஒருவருக்குத் தருவது போலவே பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தர வேண்டும். அந்தப் பெயருக்கு எந்த அளவு அதிகாரம் தரப்பட்டுள்ளதோ, அந்த அளவே ரோபோவால் செய்ய முடியும். கணக்கைப் பார்க்க மட்டும் அனுப்பப்பட்ட ரோபோவிற்குக் கணக்கை அழிக்கும் அதிகாரம் எதற்கு? வேலைக்குத் தேவையானதற்கு மேல் ஓர் இம்மியும் தராமலிருப்பதே நல்ல நிருவாகம். மனிதரைப் போலவே ரோபோவின் கடவுச்சொல்லும் குறித்த நாளில் காலாவதியாகும். அந்த நாளைக் குறித்து வைக்காவிட்டால், ஓர் இரவு எல்லா வேலைகளும் வாயிலிலேயே நின்றுவிடும்.

வேலைகள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்கலாம். அவை க்யூ எனப்படும் வரிசையில் ஒவ்வொன்றாகக் காத்திருக்கும். ரோபோ ஒன்றை எடுத்து முடித்துவிட்டு அடுத்ததை எடுக்கும். தவறு நேர்ந்தால் அது இரண்டு வகையில் அடங்கும். திரை திறக்கவில்லை, வலையமைப்பு அறுந்தது என்பன கருவியின் கோளாறுகள். அவற்றை மீண்டும் முயலுமாறு அமைக்கலாம். நோயாளியின் எண்ணே தவறு, தொகை பொருந்தவில்லை என்பன வேலையின் பொருளிலேயே உள்ள கோளாறுகள். எத்தனை முறை முயன்றாலும் அவை சரியாகா. அவற்றை ஒதுக்கிவைத்து மனிதர் பார்க்க வேண்டும். இவ்விரண்டையும் பிரித்தறியும் இடத்தில்தான் இன்றும் மனித அறிவு தேவைப்படுகிறது. கணக்குப் பதிவில் பல ஆண்டுகள் உழைத்த ஒருவருக்கு, கணிப்பொறி மட்டும் கற்றவரைவிட இது நன்கு தெரியும் என்பதை எங்கள் அனுபவத்தில் கண்டிருக்கிறோம்.

இவற்றையெல்லாம் இவ்வளவு விரித்துரைப்பானேன் என்று எண்ணுவீர்கள். உலகறிந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறினால் காரணம் விளங்கும். அமெரிக்காவில் நைட் கேப்பிடல் என்னும் பங்கு வணிக நிறுவனம் இருந்தது. அங்கு இயங்கியது அலுவலக ரோபோ அன்று. பங்குகளைத் தானே வாங்கி விற்கும் நிரல். ஆயினும் பாடம் ஒன்றே. எட்டுச் சர்வர்களில் புதிய நிரலை இறக்க வேண்டியிருந்தது. ஏழில் இறக்கினர், எட்டாவதை விட்டுவிட்டனர். சரிபார்க்க இரண்டாவது ஆள் இல்லை. 2012 ஆகஸ்ட் 1ஆம் நாள் காலை சந்தை திறந்ததும், அந்த எட்டாவது எந்திரத்தில் உறங்கிக் கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டது. 45 நிமிடங்களுக்குள் 44 கோடி டாலருக்கு மேல் இழப்பு. சந்தை திறப்பதற்கு முன்பே கணிப்பொறி தானாக அனுப்பிய மின்னஞ்சல்கள் தொண்ணூறுக்கு மேல் வந்திருந்தன. அவற்றை எச்சரிக்கையாக எண்ணிப் படித்தவர் எவருமில்லை. மறு ஆண்டில் அந்நிறுவனம் வேறொரு நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. எந்தப் பதிப்பு எந்த எந்திரத்தில் இருக்கிறது என்னும் ஒரே கேள்விக்கு விடை தெரியாததால் வந்த வீழ்ச்சி அது.

இனி, நம் பகுதியிலேயே நிகழ்ந்த ஒன்றைக் கூறுகிறோம். அலுவலகத்தின் பெயர் வேண்டா. எங்கள் குழுவைச் சேர்ந்த தம்பி ஒருவர், பூவிருந்தவல்லிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வருபவர், குடும்பத்தின் முதல் பட்டதாரி, அங்கே இரவுப் பணியில் ரோபோக்களைக் கண்காணித்து வந்தார். கட்டண விதி ஒன்று மாறியதால் ஒரு பொதி திருத்தப்பட்டுப் பிற்பகலில் புதிய பதிப்பு ஏற்றப்பட்டது. பிராசஸைப் புதிய பதிப்புக்கு மாற்ற வேண்டிய பகல்நேரக் குழு மாற்றாமலே வீடு சென்றுவிட்டது. அவ்வாறு மாற்றும் பொறுப்போ அதிகாரமோ இரவுப் பணியாளருக்கு இல்லை. ரோபோ இரவு முழுவதும் பழைய விதியின்படியே கணக்குகளைப் பதித்தது. விடிந்ததும் வாடிக்கையாளரிடமிருந்து முறையீடு வந்தது.

அன்று காலை அலுவலகத்தில் முதலில் எவர் பெயர் சொல்லப்பட்டது என்று நாங்கள் கூற வேண்டியதில்லை. “இரவில் இருந்தவர் எதையோ மாற்றியிருக்கிறார்” என்றனர். ஆர்க்கெஸ்ட்ரேட்டரில் யார் எப்போது எதைச் செய்தார் என்று பதிவாகும் தணிக்கைப் பதிவு உண்டே என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. ஆனால் அவ்வலுவலகத்தில் அனைவரும் ஒரே பொதுப் பெயரையும் ஒரே கடவுச்சொல்லையும் பயன்படுத்தி வந்தனர். பதிவைத் திறந்து பார்த்தால் ஒவ்வொரு வரியிலும் அந்த ஒரே பெயர்தான் இருந்தது. அதனைக்கொண்டு ஒருவர்மீது குற்றம் நாட்டவும் இயலாது, ஒருவரைக் குற்றத்திலிருந்து விடுவிக்கவும் இயலாது.

தம்பியைக் காத்தது அவருடைய நாற்பது பக்க நோட்டுப் புத்தகம். ஒவ்வோர் இரவும் பணிக்கு வந்தவுடன், எந்தப் பிராசஸ் எந்தப் பதிப்பில் இருக்கிறது, எந்த எந்திரங்கள் இணைந்துள்ளன, எந்த ரோபோ நின்றுள்ளது என்பதை நேரத்தோடு எழுதிவைப்பது அவர் வழக்கம். அவ்வழக்கத்தை அவருக்கு எவரும் கற்பிக்கவில்லை. தொழிற்பேட்டையில் லேத் ஓட்டிய அவருடைய தந்தை, தம் ஜாப் கார்டுகளின் நகலை வீட்டில் ஒரு டைரியில் எழுதிவைப்பாராம். அன்றிரவுப் பக்கத்தில், புதிய பதிப்பு ஏற்றப்பட்டும் பிராசஸ் மாற்றப்படவில்லை என்ற வரி இருந்தது. அதனை மேற்பார்வையாளருக்கு மின்னஞ்சலாக அனுப்பியதாகவும் இருந்தது. மின்னஞ்சலைத் தேடினர், குறித்த நேரத்தில் அது சென்றிருந்தது, திறந்து பார்க்கப்படாமல் கிடந்தது. அதன் பின்னர் எவரும் பேசவில்லை. வருத்தம் தெரிவித்தவரும் எவருமில்லை. ஆனால் தம்பியின் வேலை நிலைத்தது. சில வாரங்களில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பயனர் பெயர் தரப்பட்டது.

இளைஞர்களே, இதிலிருந்து நீங்கள் கொள்ள வேண்டியவை இரண்டு. உங்கள் பெயரில் நுழையுங்கள், உங்கள் கடவுச்சொல்லை நண்பருக்கும் மேலாளருக்கும் தராதீர்கள் என்பது ஒன்று. கண்டதைக் கண்ட நேரத்தில் எழுதுங்கள் என்பது மற்றொன்று. தலைமுறை தலைமுறையாக நம்மவர் வேலை செய்தனர். கணக்கைப் பிறர் எழுதினர். எத்தனை மரக்கால் அளந்தோம் என்பது நமக்குத் தெரிந்திருந்தும், ஏட்டில் எழுதியவன் சொன்னதே செல்லுபடியாயிற்று. இன்று ஏடு நம் கைக்கு வந்திருக்கிறது. அதனை வெற்றுத் தாளாக விட்டுவிடலாகாது.

இவ்விடத்தில் ரோபோ என்னும் சொல்லைப் பற்றி ஒன்று கூறவேண்டும். செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் எழுதிய நாடகத்தின் வழியாக இச்சொல் உலகில் பரவியது. செக் மொழியில் ‘ரொபோட்டா’ என்றால், பண்ணையடிமைகள் நிலவுடைமையாளருக்குக் கூலியின்றிச் செய்து தீர வேண்டிய கட்டாய வேலை என்று பொருள். நம் தமிழில் அதற்கு ‘வெட்டி’ என்று பெயர். கூலியில்லாக் கட்டாய உழைப்பைக் குறிக்க வெட்டி என்னும் சொல் சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே காணப்படுகிறது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் இந்தியாவில் வந்தது 1976இல்தான். ஆகவே ரோபோ என்னும் சொல்லை உலகம் பொருளுணர்ந்து வியக்கும் முன்பே, அப்பொருளை உடம்பால் அறிந்தவர்கள் நம் முன்னோர்.

நாங்கள் வகுப்பில் பொதி, எந்திரம், ரோபோ என்னும் மூன்றையும் விளக்கும்போது மாணவி ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். “இம்மூன்றையும் ஏன் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள்? இன்ன ரோபோ, இன்ன எந்திரத்தில், இன்ன வேலையைத்தான் செய்யும் என்று ஒரேயடியாகக் கட்டிவிட்டால் எளிதல்லவா?” என்றார். அவ்வாறு கட்டிவிட்டால், அந்த எந்திரம் பழுதானால் அந்த வேலையே நின்றுவிடும். அந்த வேலை தீர்ந்தால் அந்த ரோபோ வீணாகிவிடும். ஒன்றைத் திருத்த மூன்றையும் அவிழ்க்க வேண்டும். அதனால்தான் வேலையை வேலையாகவும், இடத்தை இடமாகவும், ஆளை ஆளாகவும் பிரித்து வைத்து, தேவைக்கேற்ப ஒரு ஃபோல்டருக்குள் இணைக்கின்றனர் என்று விடை கூறினோம். மாணவி சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “எங்கள் தாத்தாவை மூன்றிலும் சேர்த்தே கட்டிவைத்திருந்தார்கள்” என்றார்.

அன்பர்களே, அதற்கு மேல் நாங்கள் என்ன விளக்கம் தர முடியும்? இன்ன குலத்தில் பிறந்தவன், இன்ன இடத்திலேயே குடியிருக்க வேண்டும், இன்ன வேலையையே செய்ய வேண்டும் என்று ஆளையும் இடத்தையும் வேலையையும் பிறப்பின் முடிச்சால் கட்டியதே சாதி முறை. ஒரு கணிப்பொறி நிருவாகி கூட அறிவுக்கு ஒவ்வாதென்று தள்ளும் ஏற்பாட்டை, மனிதர்மேல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சுமத்தியிருந்தனர்.

எந்திரத்தைக் கண்டு நம் முன்னோர் அஞ்சியதில்லை. அச்சு எந்திரத்தின் துணையால் 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழையும், 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழையும் சென்னையில் தொடங்கினர். அண்ணல் அம்பேத்கர் 1945இல் காங்கிரசையும் காந்தியாரையும் பற்றி எழுதிய நூலில் எந்திரத்தை வெறுக்கும் கொள்கையை மறுத்தார். விலங்குபோல் உழைத்தே மடியாமல் மனிதனுக்கு ஓய்வும் அறிவு வளர்ச்சியும் கிட்ட எந்திரம் வேண்டும். எந்திரத்தின் பயன் எல்லோருக்கும் எட்டவில்லையாயின் மாற்ற வேண்டியது சமுதாய அமைப்பையே என்பது அவர் வாதத்தின் கருத்து. 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்று நடத்தியவர், தொழிலாளியின் நிலையை நன்கறிந்தே அவ்வாறு கூறினார் என்பதை மனத்திற் கொள்ள வேண்டும்.

அப்படியானால் வேலை போகாதா என்னும் இரண்டாவது வினாவுக்கு வருகிறோம். உங்களை ஏமாற்ற நாங்கள் இங்கு வரவில்லை. போகும். ஒரு திரையில் பார்த்து மற்றொரு திரையில் தட்டும் வேலையே முதலில் போகும். நம் வீட்டுப் பிள்ளைகள், அதிலும் பெண்பிள்ளைகள், படிப்பு முடிந்ததும் முதலில் பெறும் அலுவலக வேலை அதுவேயாம் என்பதும் உண்மை. அரசுப் பணியில் உள்ள இட ஒதுக்கீடு தனியார் அலுவலகத்தில் இல்லை என்பதும் உண்மை. தட்டச்சு வேலையை இழந்த பத்துப் பேரும் ரோபோ நிருவாகியாகிவிடலாம் என்று கூறுவதும் பொய்யுரையாகும். பத்து ரோபோக்களைக் கண்காணிக்கப் பத்துப் பேர் தேவையில்லை. இப்போது செயற்கை நுண்ணறிவு முகவர்கள் என்னும் புதிய வகையும் வந்து சேர்ந்திருக்கிறது. தாமே படித்து, தாமே முடிவெடுத்துச் செயலாற்றும் நிரல்கள் அவை. ஆனால் அவற்றுக்கும் பதிப்பு எண் வேண்டும், இயங்கும் இடம் வேண்டும், அளந்து தரப்பட்ட அதிகாரம் வேண்டும், செய்தது என்ன என்ற பதிவு வேண்டும். முடிவெடுக்கும் உரிமை கூடக்கூட, கணக்குக் கேட்கும் மனிதரின் தேவையும் கூடுகிறது. அந்த இடத்தில் நம்மவர் இருக்க வேண்டும் என்பதே எங்கள் விண்ணப்பம்.

மூன்றாவது வினா, கற்க இயலுமா என்பது. இயலும். இதற்குப் பொறியியல் பட்டம் கட்டாயமில்லை. எண்ணறிவு, ஒழுங்கு, ஓரளவு ஆங்கிலம், பொறுமை ஆகியவை வேண்டும். யூஐபாத் நிறுவனம் கற்போருக்கென இலவசப் பதிப்பையும், இலவசப் பாடங்களையும் இணையத்தில் வைத்திருக்கிறது. 1974இல் தொடங்கப்பெற்ற தாட்கோ நம் இளைஞர்க்குத் திறன் பயிற்சிகளை நடத்துகிறது. 2022இல் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டம் கல்லூரி மாணவர்க்கு வழிகாட்டுகிறது. அம்பத்தூரிலேயே அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் உள்ளது. இவற்றின் அறிவிப்புகளைப் பார்த்து உரிய காலத்தில் விண்ணப்பியுங்கள். கடைசி நாள் கடந்த பின் எங்களிடம் வந்து வருந்துபவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.

வீட்டில் கணிப்பொறி இல்லையே என்பவர்க்குக் கழகத்தின் மாலை வகுப்பு இருக்கிறது. கைப்பேசியில் பாடத்தைப் பார்த்துவிட்டு, கணிப்பொறியில் செய்து பார்க்க இங்கு வாருங்கள். முதல் மாதத்தில் ஒரே ஒரு சிறு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கழகத்தின் உறுப்பினர் சந்தாப் பட்டியலைப் படித்து, நிலுவையில் உள்ளோர்க்கு நினைவூட்டு மின்னஞ்சல் அனுப்பும் ரோபோவை எங்கள் மாணவர்கள் செய்திருக்கிறார்கள். முதல் பதிப்பில் அது சந்தா செலுத்தியவர்க்கே நினைவூட்டல் அனுப்பி, பெரியோர் சிலரின் கோபத்துக்கு ஆளாயிற்று. இரண்டாம் பதிப்பில் சரியாயிற்று. அந்த முதல் பதிப்பை நாங்கள் அழிக்கவில்லை, பாடத்துக்காக வைத்திருக்கிறோம்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மகளுக்கு இரவுப் பணி என்றால் வேண்டா என்று உடனே மறுத்துவிடாதீர்கள். அலுவலகம் ஊர்தி தருகிறதா, வீட்டு வாயில் வரை பாதுகாப்பு உண்டா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பணியிலிருக்கும் அண்ணன்மார்க்கும் அக்காமார்க்கும் ஒரு வேண்டுகோள். திங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையேனும் வகுப்புக்கு வந்து, உங்கள் அலுவலகத்தின் இரகசியங்களைக் கூறாமல், உங்கள் தொழிலின் முறையை மட்டும் இளையவர்களுக்குச் சொல்லித் தாருங்கள். ஒருவர் ஏறிய படியில் அடுத்தவரை ஏற்றிவிடவே இக்கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாக நிற்கிறது.

கழகத்தின் பொன்விழா வரும்போது, இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நீங்கள் மேடையில் இருப்பீர்கள். அப்போது ரோபோ என்ன உருவில் இருக்கும் என்று எங்களால் கூற இயலாது. ஆனால் அன்றும் எவரோ ஒருவர், இன்ன வேலை, இன்ன இடத்தில், இன்னார் பொறுப்பில் நடந்தது என்று எழுதிக் கையொப்பமிட வேண்டியிருக்கும். அந்தக் கையொப்பம் உங்களுடையதாக இருக்கட்டும். இன்று மாலையே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொண்டு வகுப்புக்கு வாருங்கள்.